எட்டில் வைத்த முத்திரை

மூச்சு மெஷினின் குழாய் முனையில் உள்ளங்கையை வைத்துக் காற்றைப் பார்ப்பார். மாஸ்க் சேரும் இடத்தில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் துலுக்கானம் படுப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவருக்குக் காற்று எங்கே கசிந்தாலும் பொறுக்காது. எப்போதும் இரவு ஷிஃப்ட்; தூக்கமெல்லாம் பகலில்தான்.

தொண்ணூறுகளில் திருமுல்லைவாயிலில் நாங்கள் பக்கத்துப் போர்ஷன். அவர் குறட்டை எங்கள் ரேடியோவை அமுக்கிவிடும். இன்று அடுக்குமாடியின் அமைதியில் படுத்துக்கொண்டு அந்தக் குறட்டைக்கு ஏங்குகிறேன் என்றால் சிரிப்பீர்கள். அன்று நாங்களும் சிரித்தோம். ஆனால் குறட்டை திடீரென்று நிற்கும். மூச்சும் சேர்ந்து நிற்கும். காலடியில் உட்கார்ந்திருக்கும் மனைவி சொர்ணம் அவர் கால் கட்டைவிரலைப் பிடித்து ஓர் இழு இழுப்பாள். "யோவ், மூச்சு வுடுய்யா!" அந்த அதட்டலுக்கு மூச்சு திரும்பும். அவரைக் காவல் காத்தே அவள் பாதியாக இளைத்துப்போனாள்.

அவள் தம்பி கங்காதரன் துபாயிலிருந்து அந்த மெஷினைக் கொண்டுவந்தான். மூக்கு வழியே காற்றை அழுத்தி, தூக்கத்தில் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். டாக்டர் பரிசோதித்து எட்டில் வைத்தார். தண்ணீரை எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தள்ளுகிற அழுத்தம், அவ்வளவுதான். மெஷினின் உச்ச வரம்பே இருபது.

துலுக்கானத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "கம்பெனில ஏழு கிலோ அழுத்தத்துல காத்த கட்டி மேய்ச்சவன் நானு. இது இன்னாமே, டீ ஊதிக் குடிக்கிற காத்து!" அழுத்தம் கூட்டும் திருகை இருபதுக்கு ஏற்றிப் படுத்தார். வயிறு உப்பி, இரண்டு நாள் தெருவே கேட்க ஏப்பம் விட்டார். டாக்டர் சொல்லியும் இறக்கவில்லை. மெஷின் சரியில்லை என்று பரணில் போட்டார். சொர்ணம் மறுபடி காலடிக்கு வந்தாள்.

கம்பெனியில் காற்றுத் தொட்டியின் சேஃப்டி வால்வுக்குக் கம்பி கோத்து ஈய முத்திரை வைத்திருப்பார்கள், அழுத்தத்தை யாரும் ஏற்றிவிடக் கூடாதென்று. "சீலு வெச்சத சாமியே சொன்னாலும் தொட மாட்டேன்" என்பது அவர் ஓயாமல் பேசும் பெருமை. சொர்ணம் பரணிலிருந்து மெஷினை இறக்கினாள். திருகை எட்டுக்குக் கொண்டுவந்து, கம்பி சுற்றி, முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி, தன் காதுத் தோட்டைக் கழற்றி அதன்மேல் அழுத்தினாள்.

"இன்னாமே இது?"

"சீலு வெச்சிகீறேன். இனிமே உன் இஷ்டம்."

அவர் அரக்கில் பதிந்த தோட்டுப் பூவை வெகுநேரம் பார்த்தார். பிறகு சோப்பு எடுக்கப் போனார்.

மறுநாள் மத்தியானம் சைக்கிள் பம்பு கேட்கப் போனேன். கதவு திறந்திருந்தது. சொர்ணம் காலடியில் சுவரோடு சாய்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தூங்கி அன்றுதான் பார்த்தேன், மனசு நிறைந்துவிட்டது. அவர் கட்டைவிரல் இன்னும் அவள் பிடியிலேயே இருந்தது. துலுக்கானம் மட்டும் விழித்திருந்தார், மூக்கில் மாஸ்க்கோடு. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். அவள் பிடித்திருந்த காலை அசைக்கவேயில்லை.