மழைக்கு ஆமென்

உங்கள் அம்மாவுக்கு மழை பிடிக்காது என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தூறல் விழுந்தாலே மோட்டாரை நிறுத்துகிறாள், குடங்களை மூடுகிறாள், உங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறாள். பெரியவளே, நீகூட ஒருநாள், "மழைய பாத்து பயப்படுற ஆளுன்னா அது நம்ம அம்மாதான்" என்று சிரித்தாய். கல்யாணமான புதிதில் அவள் அப்படி இல்லை. மழை வந்தால் முதலில் வாசலுக்கு ஓடுகிறவள் அவள்தான். இப்போது சபையில் உங்கள் காதுபடவே, "கோர்ட்டுக்குப் போன குடும்பம்" என்று பேசுகிறார்கள். நான் பத்தாவதோடு நின்றவன். அழகாக எழுத வராது. ஆனாலும் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் வீடு செம்மங்குப்பம் பக்கம், கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் எஸ்டேட்டுக்குப் பின்னால். சிதம்பரத்தில் மோட்டார் கடையில் வேலை முடித்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாலும், ஊர் வந்துவிட்டதை மூக்கு சொல்லி எழுப்பிவிடும். அந்த நாற்றத்துக்கு நாம் பழகிவிட்டோம். போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வர ஆரம்பித்ததற்குத்தான் பழக முடியவில்லை. பிறகு சின்னவளே, உனக்கு முழங்கை மடிப்பிலும் கால் மடிப்பிலும் தோல் சிவந்து வெடித்தது. தூக்கத்தில் சொறிந்து சொறிந்து, காலையில் உன் படுக்கை விரிப்பில் ரத்தம் இருக்கும். டாக்டர் களிம்பு கொடுத்துவிட்டு, "தண்ணிய மாத்துங்க" என்றார். குடிக்க கேன் வாங்கலாம். குளிக்க எங்கே போவது?

நம் வீட்டுக்குப் பின்னால், ஓடையை ஒட்டி, உங்கள் மாமாவின் ஷெட். அம்மாவின் பெரியப்பா மகன் அவர். சொந்தமாக இரண்டு டேங்கர் லாரி. ஒரு கம்பெனியின் கழிவுத் தண்ணீரை ஏற்றிப் போய்ச் சுத்திகரிக்கும் இடத்தில் விடுவதுதான் அவருடைய தொழில். சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். சின்னவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்தவர் அவரே. ஆகவே அவர் எனக்குச் சகோதரர் என்பது சபையில் சொல்லும் வார்த்தை மட்டும் இல்லை.

ஒரு மத்தியானம் திடீரென்று மழை பிடித்தது. துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். ஷெட்டில் லாரியின் பின்பக்கம் மாட்டிய தடித்த குழாய் ஓடைக்குள் இறங்கியிருந்தது. மழைத் தண்ணீரோடு சேர்ந்து மஞ்சள் நுரை போய்க்கொண்டிருந்தது. மழையில் திறந்துவிட்டால் நிறம் கலைந்துவிடும். மறுநாள் யார் வந்து பார்த்தாலும் ஓடையில் ஓடை மட்டும்தான் இருக்கும். சுத்திகரிக்கும் இடம் வரை லாரி ஓட்டுகிற டீசலும் மிச்சம். அன்று நான் வீடு திரும்பியபோது அவள் நனைந்த துணிமூட்டையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஏங்க, எங்க அண்ணன்தாங்க" என்றாள். பிறகு மாடியிலிருந்து பார்த்ததைச் சொன்னாள்.

நான் கேட்கப் போனேன். மாமா சிரித்தார்.

"மாப்ள, வால்வு லீக்கு. புதுசு மாத்த சொல்லிட்டேன். நீ மோட்டார் கடைக்காரன், ஒனக்கு தெரியாதா லீக்குன்னா இன்னான்னு?"

"கொழாய் மாட்டி ஓடையில எறக்குனா அது லீக்கா மச்சான்?"

சிரிப்பு நின்றது. "போலீசு, கோர்ட்டுன்னு போயிடாத மாப்ள. நம்மளுக்குள்ள பேசிக்கலாம். பாஸ்டர்கிட்ட போவலாம்."

நம் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு குடும்பம் சண்டை போட்டுக்கொண்டால், திருவிருந்துக்கு முந்தின நாள் போதகர் இருவரையும் பீடத்துக்குப் பக்கத்து அறையான வெஸ்ட்ரிக்கு அழைப்பார். இருவரும் ஜெபம் பண்ணிக் கை கொடுக்க வேண்டும். மறுநாள் பீடத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. வேலித் தகராறு, மாமியார் மருமகள் சண்டை, பேசாமல் இருந்த அண்ணன் தம்பி எல்லாம் அப்படித் தீர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். நல்ல வழக்கம்தான்.

மாமா வெஸ்ட்ரியில் அழுதார். "எம் புள்ளைங்க மாதிரிதான் அதுங்களும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அது நடிப்பு இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எனக்குப் பயமே அதுதான். மறுநாள் என் தோளோடு தோள் உரசி முழங்கால் போட்டார். அவர் வாய் வைத்த பாத்திரம் அடுத்து எனக்கு வந்தது.

அடுத்த மழைக்குக் குழாய் மறுபடியும் ஓடையில் இறங்கியது.

நான் போதகரிடம் ஓடினேன். "ஒப்புரவு ஆன விஷயத்த மறுபடியும் கெளறக் கூடாது தம்பி" என்றார். அதிகம் கெஞ்சிய பிறகு மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் கண்ணீர், கை, பாத்திரம். பிறகு மழை. மாமா மனந்திரும்பியதெல்லாம் வெயில் காலத்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

அந்த நாட்களில் சிதம்பரத்தில் தெற்கு வீதியில் ஒரு வக்கீல் வீட்டு மோட்டாரைச் சரி பண்ணப் போனேன். என் முகத்தைப் பார்த்து அவராகவே கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"உங்க வேதத்துல கேஸ் போடக் கூடாதுன்னு இருக்காமே? எல்லாரும் அப்படி இருந்துட்டா எங்க பொழப்பு என்ன ஆகிறது?"

"சகோதரன் மேல, அவிசுவாசிங்க முன்னால போடக் கூடாதுன்னு இருக்கு சார். அநியாயத்த பொறுத்துக்க சொல்லுது."

"அந்த அவிசுவாசி நான்தானா?" என்று சிரித்தார். "எங்க தெருவுல பாருங்க, தாத்தா போட்ட கேஸ பேரன் நடத்திக்கிட்டிருக்கான். கோர்ட்டுக்கு போனா உடனே விடியும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. கோர்ட்டுல ஒருத்தர் அழுதாருங்கிறதுக்காக கேஸ் கட்ட மூட மாட்டாங்க."

அவர் நீட்டிய வக்காலத்தில் நான் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். வேதத்தில் அப்போஸ்தலன் கேட்ட கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நஷ்டத்தை நீ ஏன் சகித்துக்கொள்ளக் கூடாது என்பது சாதாரணக் கேள்வி இல்லை பிள்ளைகளே. நாளைக்கு உங்களுக்கும் வரும். அதைத் தள்ளிவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடுகிற ஜனங்களை எனக்குப் பிடிக்காது.

அந்த வருஷம் அக்கினி நட்சத்திரம் உயிரை எடுத்தது. கோடை மழை ஒரு சொட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மழைக்கென்று விசேஷ ஜெபம் என்றார்கள். போதகர் மாமாவை ஜெபம் நடத்தக் கூப்பிட்டார். அவர் எழுந்து, இரண்டு கையையும் விரித்து, "ஆண்டவரே, வானத்தின் மதகைத் திறந்துவிடும்" என்று ஆரம்பித்தார். வறண்ட வயல், வாயில்லா ஜீவன், தாகத்தோடு இருக்கும் பிள்ளைகள் என்று ஒன்று விடாமல் வேண்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. முந்தின நாள் ஷெட்டில் இரண்டு லாரியும் நிறை பாரத்தில் டயர் அமுங்கி நின்றதை நான் பார்த்திருந்தேன்.

சபை முழுக்க "ஆமென்" என்றது. அம்மாவின் உதடு அசையவில்லை. நானும் அந்த ஆமெனைச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்த சின்னவளே, நீதான் கேட்டாய்.

"அப்பா, நான் மழ வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். ஜீசஸ் கோச்சிப்பாரா?"

"ஏன்டா அப்படி வேண்டிக்கின?"

"மழ வந்தா எனக்கு அரிக்கும்ல."

எனக்கு நடந்த அநியாயத்தை நான் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு எனக்கு உரிமை உண்டு, கட்டளையும் உண்டு. உன் தோலில் நடப்பதை உனக்காக நான் பொறுத்துக்கொள்ள எங்கே எழுதியிருக்கிறது? மறுநாள் தெற்கு வீதிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். கடலூர் கோர்ட்டில் வழக்கு ஏறியது.

போதகர் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி போடத் தண்ணீர்க் கேனைச் சாய்த்தாள்.

"கேஸ் முடியிற வரைக்கும் நீங்க திருவிருந்துக்கு முன்னால வராம இருந்தா நல்லது தம்பி."

"மச்சானும் வர மாட்டாருங்களா ஐயா?"

"அவர் கேஸ் போடலையே."

அம்மா டம்ளரை வைத்த சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகக் கேட்டது. ஐயா முழுதும் குடிக்காமல் எழுந்துகொண்டார்.

அன்றிலிருந்து திருவிருந்து ஞாயிறுகளில் நாம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறோம். எல்லோரும் நம் முழங்காலைத் தாண்டி முன்னால் போகிறார்கள். மாமாவும் போகிறார். திரும்பி வரும்போது என் தோளைத் தட்டி, "உனக்காக ஜெபிக்கிறேன் மாப்ள" என்கிறார். அதையும் நிஜமாகத்தான் சொல்கிறார்.

கோர்ட்டில் மாமாவின் வக்கீல், ஓடையில் எதுவும் விடவில்லை என்றார். நீதிபதி ஒரு பெண் வக்கீலைக் கோர்ட் கமிஷனராகப் போட்டு, நேரில் பார்த்துத் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். அந்தம்மா ஒரு தடவை வந்தார். நல்ல வெயில். ஓடை காய்ந்து கிடந்தது. ஷெட்டில் லாரிகள் கழுவித் துடைத்து நின்றன. மாமா அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். போகும்போது கமிஷனரம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மழை வர்றப்போ போன் பண்ணுங்க. பெய்யும்போதே நான் பாக்கணும்."

வழக்கு ஜெயிக்க வேண்டுமானால் மழை பெய்ய வேண்டும். பெய்தால் அது ஓடையில் இறங்கி, போர்வெல்லில் இறங்கி, சின்னவளே, உன் கைக்கு வரும். நேற்று நீ மறுபடியும் கேட்டாய்: "இப்ப மழ வேணும்னு வேண்டிக்கணுமா, வேணாம்னா?" நான் உன் கைக்குக் களிம்பு தடவினேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கடல் பக்கம் வானம் கறுத்துவிட்டது. காற்று நின்றுவிட்டது. பின்னால் ஷெட்டின் இரும்புக் கதவை யாரோ தள்ளித் திறக்கிற சத்தம் கேட்கிறது. அம்மா குடங்களையெல்லாம் மூடிவிட்டு, மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். கொடியில் துணி எதுவும் இல்லை. என் போனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

முதல் சொட்டு ஜன்னல் கம்பியில் விழுகிறது. சபையில் அன்று சொல்லாமல் விட்ட ஆமெனை நான் இப்போது சொல்கிறேன். சின்னவளே, நீ கையை உள்ளே வைத்துக்கொள்.