அணைக்காத மைக்

மைக்கை அணைத்ததும் விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பது என் வீட்டுக்காரரின் பழக்கம். சத்தம் வரவில்லை என்றால்தான் அடுத்த வார்த்தை பேசுவார். மைக் செட் வாடகைக்கு விடும் தொழில். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். குடித்து வைத்த தம்ளரைக்கூடத் தட்டுவார்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. இறந்து இடைத்தேர்தல் வந்தது. அவர் மகன் மனு போட்டார். எதிர்த்து நிற்க ஆளில்லை. அப்படியே விட்டால் ஓட்டுக் கேட்டுக்கூட எங்கள் தெருவுக்குள் வர மாட்டார். வந்தால்தானே தண்ணீர்க் குழாய் இல்லாததைக் காட்ட முடியும்? அதற்காகத் தெருவே சேர்ந்து இவரை நிறுத்தியது.

"ஊருக்கெல்லாம் மைக் கட்டுறீங்க, எங்களுக்காக ஒரு தடவ அதுல பேசுங்கண்ணே" என்றாள் எதிர்வீட்டு இஸ்திரிக்காரி.

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள். மாடியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, கீழே கடையில் இவர் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். கார் வந்து நின்றது. அந்த மகனே இறங்கினார். இவர் பதறி எழுந்து மைக்கை மேஜையில் வைத்தார். தட்டிப் பார்க்கவில்லை.

நான் உள்ளே காபி கலந்துகொண்டிருந்தேன். பேச்சு கடையிலிருந்து ஒரு தரமும் மாடியிலிருந்து ஒரு தரமும் கேட்டது.

"அண்ணே, நீங்களே எனக்கு எதிரா நின்னா நான் யார்கிட்ட போவேன்?"

"ஐயோ, தம்பி. நீங்க என் கடைப்படி ஏறினதே பெருசு. நானா எங்க நின்னேன்? தெருக்காரங்க உசுப்பேத்திட்டாங்க. வெவரம் கெட்ட ஜனம். இப்பவே வந்து வாபஸ் வாங்கிடறேன்."

ஓடி வந்து மைக்கை அணைத்தேன். அதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. இருவரும் அதே காரில் கிளம்பினார்கள். கலந்த காபி அப்படியே இருந்தது.

இஸ்திரிக்காரி பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"செட்டு நல்லாத்தான் இருக்கு அண்ணி. தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எம்.எல்.ஏ. மகன் மிரட்டவில்லை, எதுவும் தரவில்லை. 'அண்ணே' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மிரட்டியிருந்தால் நாலு பேரிடம் சொல்லவாவது முடிந்திருக்கும்.

திரும்பி வந்தவர், "தட்டிப் பாக்க மறந்துட்டேன்" என்றார். அதுமட்டும்தான் தப்பா என்று நினைத்தபடி ஆறிய காபியைக் கொட்டினேன்.

மகன் போட்டியின்றி எம்.எல்.ஏ. ஆனார். நன்றி சொல்லக்கூடத் தெருவுக்கு வரவில்லை.

தண்ணீர்க் குழாய் இன்னும் போடவில்லை. எங்கள் தெருக் கல்யாணங்களுக்குப் பக்கத்துத் தெரு செட்தான் வருகிறது. தண்ணீர் லாரி வந்தால், எல்லாரும் பிடித்துப் போன பிறகு, நான் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.