கொடுவா மீனைத் திருப்பாத வீடு

அடுத்தவர் வீட்டு அடுப்பில் வேகிற பிழைப்பு சமையல்காரன் பிழைப்பு. அதிலும் ஊரார் பார்த்திராத பதார்த்தத்தைச் செய்யப் போனால் சட்டியோடு சேர்த்து நம்மையும் வறுத்துவிடுவார்கள். கப்பலில் சீனச் சமையல்காரர் ஒருவரிடம் கையாளாக இருந்துவிட்டு ராயபுரத்தில் கரையேறியவன் நான். விசேஷ வீடுகளில் கரண்டி பிடிக்கும் சகோதரர்களே, நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன்.

சேமியாவுக்கு வந்த சோதனை

கல்மண்டபத்தில் மீன் விற்கும் நாகம்மாவின் ஒரே மகள் பூங்காவனத்துக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்குப் பினாங்குத் துறைமுகத்தில் வேலை. பண்டிகை முடிந்ததும் பெண்ணைக் கப்பலில் அழைத்துப் போகிறார். போகிற ஊர்ச் சாப்பாடு இறங்காமல் மகள் பட்டினி கிடப்பாளோ என்று தாய்க்குக் கவலை. அதனால் வீட்டிலேயே செய்யக்கூடிய சீனப் பதார்த்தமாக நாலைந்து செய்து காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

சீனர் செய்யும் கோதுமை நூலுக்கு நான் எங்கே போவேன்? சேமியாவை வேகவைத்துப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். முட்டைக்கோஸையும் இறாலையும் வதக்கி அதில் புரட்டினேன். பூங்காவனம் கண் கொட்டாமல் பார்த்தாள். தாய்தான் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா அண்ணாத்தே, பாயாசத்துக்குப் போறத புடிச்சி குளிப்பாட்டிகினு கீறே?"

ரசத்தில் முட்டை

அடுத்தது கோழிச்சாறு. இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு, கொதி வந்ததும் அடித்த முட்டையை நூலாக ஊற்றிக் கலக்கினால் முடிந்தது வேலை. நாகம்மாவின் புருஷன் ஏழுமலை கட்டுமரக்காரர். சட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

"முட்ட தவறி வுழுந்து ஒடஞ்சிடுச்சின்னு சொல்லேன் நைனா, நாங்க இன்னா அடிக்கவா போறோம்?"

நடு முள்

கடைசியில் முழுக் கொடுவா. இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி இட்லிப் பானையில் ஆவி காட்டினேன். கப்பலிலிருந்து கொண்டுவந்த சோயாச் சாற்றைத் தெளித்து, காய்ந்த எண்ணெயை மேலே ஊற்றினேன். மாப்பிள்ளை ஆசையாகச் சாப்பிட்டார். மேல்பக்கம் தீர்ந்ததும், அடிப்பக்கத்தை அவருக்கு வைப்பதற்காக நாகம்மா வாலைப் பிடித்துத் திருப்பப் போனாள்.

"திருப்பாதம்மா! நடு முள்ள எடுத்துட்டு அடிப்பக்கம் துன்னணும். மீனு கவுந்தா கப்பலும் கவுந்துடும்னு எங்க சீனாக்காரரு சொல்வாரு" என்று பழக்கதோஷத்தில் சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த வாரம் கப்பலேறப் போகிற பெண் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்! என் வாயில் மண்ணைப் போட. தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல நாகம்மா அந்த வாலைத் தட்டில் வைத்தாள்.

"சீனாக்காரனா இருந்தா இன்னா? அவனும் கடல்ல போறவன்தானே, தெரிஞ்சிதான் சொல்லிகீறான்."

ஒரு பக்க வறுவல்

கப்பல் போய்விட்டது. சில நாள் கழித்து ஏழுமலை என்னைக் கடற்கரையில் பிடித்துக்கொண்டார். வீட்டில் மீன் வறுத்தால் நாகம்மா திருப்பிப் போடுவதில்லையாம். அடியெல்லாம் கரி, மேலெல்லாம் பச்சை. தோசைக்கும் அதே கதியாம். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவம். சாப்பிடும்போது மட்டும்தான் அந்த வழக்கம் என்று அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் நைனா. நானும் அப்டியேதான் துன்னுகினு கீறேன். எங்கொழந்த கரையெறங்கட்டும்."

வாழையிலைப் பொட்டலம்

அதற்கப்புறம் நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒருநாள் காலையில் நாகம்மாவே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் வாழையிலைப் பொட்டலம். கண் நிறைய நீர், வாய் நிறையச் சிரிப்பு. பிரித்துப் பார்த்தேன், வறுத்த வஞ்சிரம். அவளே சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் செவக்க வறுத்துகீறேன், துன்னு அண்ணாத்தே."

சீனச் சமையல் வீட்டில் செய்ய வருமா என்று இன்றும் கேட்கிறார்கள். மீனைத் திருப்பிப் போடுவது ஒன்றுதான் கஷ்டம், மற்றதெல்லாம் சுலபம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.