இறுக்காமல் விட்ட நட்டுகள்

கண்டக்குழியில் முப்பது வருடமாக வாகனம் திருத்தும் சரீப், தன்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் கில்பட்டின் பழைய மொரிஸ் மைனர் காருக்கு முன்சக்கரப் பக்கம் அதிர்வு தாங்கும் புது ரப்பர் புஷ் போட்டுப் பூட்டினார். கடற்காற்றில் துருவேறிய நட்டுகளைக் கழற்றவே ஒரு நாள் போயிருந்தது. ரப்பர் உள்ள இடத்தில் நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிப் பாரம் சக்கரத்தில் விழுந்த பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழிந்துவிடும்.

வண்டியை இறக்கிவிட்டு ஸ்பேனரை எடுத்த நேரம் போன் அடித்தது. மனைவி ஸுலைஹா குசினியில் மயங்கி விழுந்துவிட்டாள் என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். சரீப் போட்டது போட்டபடி ஓடினார்.

பெரிதாக ஒன்றுமில்லை. இரத்தத்தில் சீனி குறைந்திருந்தது. இனிப்பாகத் தேத்தண்ணீர் குடித்ததும் ஸுலைஹா எழுந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அவருக்கு நட்டுகள் ஞாபகம் வந்தன. கில்பட்டுக்கு அழைத்தார். அவன் எடுக்கவில்லை. அழைத்துக்கொண்டே இருந்தார்.

வண்டி தரையில் நின்றதாலும் சாவி அதிலேயே இருந்ததாலும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, கடைக்கு வந்த கில்பட் அதை எடுத்துக்கொண்டு போயிருந்தான். தாய் பாக்கியம்மாவை ஏற்றிக்கொண்டு தலவிலக் கோயிலுக்குப் புறப்பட்டவன் பாதி வழிதான் போனான். முன்சக்கரம் மடிந்து வண்டி பனையில் மோதியது. பாக்கியம்மா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

எட்டாம் நாள் சரீப் அந்த வீட்டுக்குப் போனார். கில்பட் கட்டுப்போட்ட கையோடு கதிரையில் இருந்தான்.

"கில்பட், நட்ட நான் இறுக்கல்ல. என்ட பிழதான்."

"தெரியும் நானா. நட்டு கழண்டு கிடந்தத நான் கண்டனான். பொலிசுக்கு டயர் வெடிச்சதெண்டு சொல்லிட்டன்."

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"உங்கள உள்ளுக்குப் போட்டா அம்மா எழும்பி வருவாவா?" கில்பட் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னான். "இனி இந்தப் பக்கம் வராதீங்க நானா. உங்கட முகத்தப் பாக்க எனக்கு ஏலாது."

பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் சரீப் நினைத்தார். நடந்ததைக் கேட்ட ஸுலைஹா, "நான் விழாம இருந்திருந்தா" என்று தொடங்கி முடிக்காமலே விட்டாள். அதன் பிறகு தலை சுற்றினாலும் அவரிடம் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை.

போன கிழமை, வாடிக்கையாக வரும் அஃப்ராஸ் தன் வேனைக் கொண்டுவந்தான். முன்சக்கரத்தில் சத்தம் கேட்கிறதாம். சரீப் வேனுக்கு அடியில் படுத்து, ஸ்பேனரை நட்டில் கொளுவி ஒருமுறை இறுக்கினார். மறுபடி இறுக்கினார். இறுகியதா இல்லையா என்று கை சொல்லவில்லை. வெளியே வந்து, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கடையின் கதவை இழுத்து மூடினார்.