நான் திட்டிய கை

எழுபதுகளின் கடைசி. செகந்திராபாத்தில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். வார்டில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. வலி வந்தால் கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டும், கத்தக் கூடாது. இதுதான் என் சட்டம்.

அங்கே ஓர் ஆயா இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்; லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். ஒரு நாள் காலையில் பார்த்தால், வலியில் துடித்த ஒரு பெண்ணைக் கட்டிலிலிருந்து இறக்கி, மண்டியிட்டு ஸ்டூலில் சாய வைத்து, அவள் இடுப்பின் பின்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம். "பெருக்குறதோட நிறுத்திக்க. பேஷண்டைத் தொடுற வேலை உனக்கில்லை" என்று அத்தனை பேர் முன்னால் திட்டினேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு யாரையும் தொடவில்லை.

நான்கு மாதம் கழித்து அதே வார்டில், அதே கட்டிலில் நான். தலைப்பிரசவம். குழந்தை திரும்பியிருந்த விதத்தில் வலி முழுக்க இடுப்பின் பின்பக்கம்தான். என் சட்டப்படியே மல்லாந்து படுத்துப் பார்த்தேன். பத்து நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, இன்னும் நேரமாகும் என்று சொல்லிப் போய்விட்டார்.

ஆயா வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். வந்தாள், ஆனால் கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றாள்.

"நக்கோ, வேணாம் சிஸ்டர். தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னது தப்பு. வந்து அழுத்தும்மா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். என்னை இறக்கி மண்டியிட வைத்தாள். ஒவ்வொரு வலிக்கும், "மூச்சை அடக்காதீங்க, மெதுவா ஊதுங்க" என்று சொல்லிக்கொண்டே இடுப்பெலும்பின் மேல் தன் பாரத்தையெல்லாம் வைத்து அழுத்தினாள். நடுநடுவே நடக்க வைத்தாள். வெந்நீரில் பிழிந்த துணியை இடுப்பில் வைத்தாள். வலி போய்விடவில்லை, ஆனால் தாங்க முடிந்தது. மதியம் மூன்று மணிக்கு மகள் பிறந்தாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே, எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு, எங்கே, எப்படி அழுத்துவது என்று எனக்குக் காட்டச் சொன்னேன். காட்டினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்த நான்கு மாதத்தில் என் பேச்சுக்குப் பயந்து மல்லாந்து கிடந்து, பல்லைக் கடித்துக்கொண்ட பெண்களிடம் கேட்க வழியில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.