யாரை விலக்கியது எங்கள் சபை?

சபைக் கமிட்டியில் சேருகிறவனுக்கு முதலில் பழக்கிவிடுவது, எதைக் கேள்விப்பட்டாலும் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிடுவதைத்தான். உங்களில் பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நெளிந்திருப்பீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்குப் பள்ளிப்படிப்பு நாலாம் வகுப்பு. மீதியைத் துண்டறிக்கைகள் கற்றுக்கொடுத்தன. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தேன். அங்கேயே சங்கம் கட்டினேன், இரண்டு முறை சிறைக்குப் போனேன். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்து எங்கள் சிறிய சபை என்னையும் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தது. வாய் உள்ளவனை உள்ளே வைத்துக்கொள்வது பத்திரம் என்று நினைத்திருப்பார்கள்.

பல்பு மாட்டிய பாவம்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு முன்னால் செயலாளர் எழுந்து, ஒழுக்கக் குறைவுக்காக விலக்கப்பட்டவர்களின் பெயர்களை வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவர் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் தொடக் கூடாது. குடித்தவன், இந்துக் கோயிலில் தாலி கட்டியவன், பெண்டாட்டியை அடித்தவன் என்று பட்டியல் மாதாமாதம் மாறும். எங்கள் பாஸ்டர் ஐயா இதில் மிகவும் கண்டிப்பானவர்.

நான் உட்கார்ந்த முதல் கூட்டத்தில் ஜேக்கப் என்ற எலக்ட்ரீஷியனை மூன்று மாதம் விலக்கினார்கள். பெருமாள் கோயில் கருட சேவைக்குத் தெருவில் சீரியல் பல்பு கட்டியது அவன் குற்றம். பாஸ்டர் ஐயா அரை மணி நேரம் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசினார். ஜேக்கப் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: “கூலிக்குத்தானேபா மாட்னேன். அந்த வெளிச்சத்துல நின்னுக்கினு நம்ம ஜனமும்தான் வேடிக்கை பாத்துச்சு.”

தாழிட்ட அறை

எஸ்தர் டீச்சர் எங்கள் சபைப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். முப்பது வயதிருக்கும். கணவர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், பாட்டுப் பயிற்சி முடிந்ததும், பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைக்கச் சொல்லிப் பாஸ்டர் ஐயா அவரை எங்கள் சபைக் கோயிலின் பின்னறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் தாழ் போட்டார். கையைப் பிடித்து இழுத்தார். டீச்சர் அந்தக் கையைக் கடித்துவிட்டுத் தாழைத் திறந்து ஓடி வந்தார்.

நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். என் மனைவி ராஜத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை, வாயை மட்டும் திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். நான் முறைப்படி கமிட்டியில் வைத்துப் பேசுவோம் என்றேன். ராஜம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் நோட்டீஸு போட்டுக்கினு இருக்குற. இதுக்கு மட்டும் முறை பாப்பியா?”

ஒற்றுமை

கமிட்டி கூடியது. பாஸ்டர் ஐயா கையில் கட்டுடன் வந்தார், கண்ணீரும் விட்டார். கெட்ட எண்ணத்தோடு வந்தது டீச்சர்தான், தான் தள்ளிவிட்டதும் கடித்துவிட்டார் என்றார். கொஞ்ச நேரத்தில், வேதத்தில் தாவீது ராஜாவும் பிறன் மனைவியிடம் பாவத்தில் விழுந்தான் அல்லவா என்றார். ஒன்றும் செய்யாதவருக்குத் தாவீது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. டீச்சரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்றேன். பெண்பிள்ளை கூச்சப்படுவாள் என்று மறுத்துவிட்டார்கள். பாஸ்டருக்காக ஜெபம் பண்ணுவது, டீச்சர் மன்னிப்புக் கேட்கும்வரை அவரைத் திருவிருந்திலிருந்து விலக்குவது என்று தீர்மானம் எழுதினார்கள்.

அதன் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். ஆம், நான்தான். இத்தனை கோயில்கள் உள்ள ஊரில் நாம் ஒரு கைப்பிடி ஜனம், வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்றார்கள். முதலாளிக்கு முன்னால் சங்கத்தின் பிளவைக் காட்டக் கூடாது என்று ஆயிரம் தொழிலாளிகளுக்குச் சொன்னவன் நான். செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேனாவை என் பக்கம் நீட்டிச் சொன்னார்: “நீங்க சங்கத்துக்காரர். ஒற்றுமைன்னா என்னன்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா?”

ஊர் சிரித்தது

முதல் ஞாயிறு எஸ்தர் டீச்சரின் பெயரை வாசித்தார்கள். அவர் எழுந்து போகவில்லை. மூன்றாவது பெஞ்சில், எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை அப்பத்தைப் பிட்டது. நாங்கள் வரிசையாகப் போய் முழங்கால் போட்டு வாங்கித் தின்றோம்.

மறுநாள் பட்டறையில் என்னோடு நூல் அலசும் கோவிந்தன் ஒன்றும் தெரியாதவன் போலப் பேச்சை எடுத்தான். ஊருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பாஸ்டர் கைக்குக் கட்டுப் போட்டுவிட்ட மருந்துக்கடைக்காரனே சொல்லியிருக்கிறான். கோவிந்தன் சாயத் தொட்டியில் குச்சியை விட்டுக் கிளறிக்கொண்டே கேட்டான்: “கைய வச்சவர உள்ள நிக்க வச்சிட்டு, கடிச்சவங்கள வெளிய நிக்க வச்சீங்களாமே. உங்க பக்கம் அதான் சட்டமா?”

இருநூறு நோட்டீஸ்

அன்று வந்த கோபத்தில் நோட்டீஸ் எழுதினேன். ‘அங்கி போட்ட ஓநாய்’ என்று தலைப்பு. நான் எழுதியவற்றிலேயே சிறந்தது அது என்று இப்போதும் சொல்வேன். இருநூறு பிரதி அடித்து, விநியோகிக்கும் முன் ஒன்றை எஸ்தர் டீச்சரிடம் பெருமையாக நீட்டினேன்.

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினார். பிறகு தம் பெயர் வரும் இடங்களில் எல்லாம் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒன்பது கோடுகள். கடைசி வரிவரை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “என் பேர அவங்க ஒரு தடவதான் வாசிச்சாங்கண்ணே. நீங்க இருநூறு காகிதத்துல அடிச்சிருக்கீங்க. கையெழுத்துப் போட்ட உங்க பேரு இதுல எங்க இருக்குது?”

நோட்டீஸ் கட்டைச் சாய அடுப்பில் போட்டேன்.

மூடிய கிண்ணம்

அடுத்த முதல் ஞாயிறு, செயலாளர் காகிதத்தைப் பிரித்ததும் நான் எழுந்தேன். டீச்சரை விசாரிக்காமலே கையெழுத்துப் போட்டேன், அது பொய்க் கையெழுத்து, அதை வாபஸ் வாங்குகிறேன், விலக்குவதானால் என் பெயரை முதலில் வாசியுங்கள் என்றேன். உட்காருங்கள் என்றார் செயலாளர். ராஜம் எழுந்து, தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

பாஸ்டர் ஐயா பதற்றத்தில் பாட்டைத் தொடங்கினார். யாரும் கூடப் பாடவில்லை. அப்போது பெண்கள் பக்கத்தில், கோயிலைப் பெருக்கும் மரியம்மா எழுந்தார். பதினைந்து வருடமாக அவர் குரலை நாங்கள் கேட்டதில்லை. அதன் பிறகு யாரும் முழங்கால் போடப் போகவில்லை. அப்பமும் கிண்ணமும் வெள்ளைத் துணிக்குள் மூடியபடியே இருந்தன. மரியம்மா சொன்னது இவ்வளவுதான்: “அந்த ரூமுத் தாழு எனக்கும் தெரியும்பா.”

நல்ல பிரசங்கி

சபை மேலிடத்திலிருந்து மூன்று பேர் காரில் வந்து விசாரித்தார்கள். விசாரித்து, அந்த மனிதரின் அங்கியைக் கழற்றினார்களா? இல்லை. பட்டுச் சால்வை போர்த்தி வேறு ஊர்ச் சபைக்கு மாற்றினார்கள். அந்த ஊர்க் கமிட்டிக்கு, இந்த முறை என் பெயரைப் போட்டு, நடந்ததை எல்லாம் எழுதினேன். டீச்சரும் மரியம்மாவும் சம்மதித்துத் தங்கள் பெயர்களையும் எழுதினார்கள். தபால் அட்டையில் பதில் வந்தது: “தங்கள் கடிதத்துக்காக ஜெபித்தோம். ஐயா இங்கே நன்றாகப் பிரசங்கிக்கிறார்.”

மன்னிப்பு

புதிய பாஸ்டர் இளைஞர். வந்த முதல் திருவிருந்தில், எஸ்தர் டீச்சரைச் சபை மன்னித்து மறுபடி ஏற்றுக்கொள்கிறது என்று வாசித்தார். நல்ல செய்தி என்று எங்களில் பலர் தலையாட்டினோம். டீச்சர் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து, யார் யாரை மன்னித்தார்கள் என்று கேட்டார். இளைஞர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் தரையைப் பார்த்தார். பாஸ்டர் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, தாம் இல்லாத நாளில் நடந்ததற்கும் சேர்த்து, சபை டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கிறது என்றார்.

டீச்சர் முன்னால் வந்தார். தனியாகப் போய் முழங்கால் போடுவார் என்று வழிவிட்டு நின்றோம். அவர் பெண்கள் பக்கம் திரும்பி மரியம்மாவுக்குக் கையை நீட்டினார். “கேட்டுட்டாங்க. மன்னிக்கிறதப் பத்தி அப்புறம் யோசிக்கலாம். இப்ப பசிக்குது, வாங்க.”

சிறையும் கல்லடியும் பார்த்த எனக்கு, வாழ்நாளில் மிகக் கஷ்டமான போராட்டம் நானே போட்ட ஒரு கையெழுத்தை எதிர்த்து நடத்தியதாக இருந்தது என்பதை நம்ம சங்கத்துப் பிள்ளைகள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.