அலைக்குக் கட்டிய கேரவன்

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய எங்கள் மனையில், லீவு நாளில் தங்குவதற்காக நானும் என் கணவரும் ஒரு பழைய கேரவனை வாங்கி நிறுத்தினோம். உள்ளே ஒருவர் புரண்டு படுத்தாலே வண்டி ஆடும், டம்ளரில் இருக்கும் டீ சிந்தும். தினமும் கடலுக்குப் போகிற என் தம்பிக்கே அதற்குள் குமட்டிவிட்டது.

மானம் போன கோபத்தில் படகுக் கயிறுகளைக் கொண்டுவந்து, கூரையின் நான்கு மூலைகளையும் முளை அடித்துக் கட்டினான். ஏறிப் பார்த்தோம். அதே ஆட்டம். கயிறெல்லாம் தொய்ந்து தொங்கியது.

"ஏன்டா இவ்ளோ லூசா கட்டியிருக்க?"

"டைட்டா கட்டினா அலை தூக்கும்போது அறுந்துடும்க்கா."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வரப்பில் உட்கார்ந்து மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, மூலைக்கொரு பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கி வைத்து முட்டுக்கொடுத்தோம். மேசையில் டீயை நிரப்பி வைத்துவிட்டு உள்ளே தொம் தொம்மென்று நடந்தோம். ஒரு சொட்டு சிந்தவில்லை!

கயிற்றை அவிழ்க்கப் போனேன். தம்பி விடவில்லை.

"இருக்கட்டும்க்கா. கடல் பக்கத்துலதான இருக்குது."

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது வண்டி ஆடுவதில்லை. அந்தக் கயிற்றில் காயும் என் புடவைகள்தான் ஆடுகின்றன.